மைனஸ் பத்தொன்பது

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் உடற்பயிற்சி ஆசிரியர் என்றுதான் சொல்வேன். நியமன ஆணையில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் முப்பது வருடத்தில் என் பீரியடைக் கணக்கு டீச்சர் கேட்டு வாங்காத வாரம் ஒன்றாவது உண்டா என்று யோசித்தால் ஞாபகம் வரவில்லை. "இன்னாசி சார், இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்பார்கள். அந்த ஒருநாள் ஜூனில் ஆரம்பித்து மார்ச்சில் முடியும். நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன்.

சும்மா இருக்கிற ஆள் என்பதால்தான் அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். பழைய மாணவர்களைப் பின்தொடரும் வேலை.

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கு முன் வரை எங்கள் மாவட்டத்து உயர்நிலைப் பள்ளிகளைப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை வைத்து வரிசைப்படுத்தினார்கள். எல்லாப் பள்ளியும் நூற்றுக்கு நூறு காட்டத் தொடங்கியதும் மேலிடத்துக்கு சலிப்புத் தட்டிவிட்டது. பரீட்சையில் என்ன வாங்கினான் என்பது முக்கியமில்லை, படித்து முடித்து என்ன ஆனான் என்பதுதான் முக்கியம் என்று யாரோ ஒரு அதிகாரி சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானே கைதட்டினேன்.

அப்படி வந்ததுதான் பயன்புள்ளி. ஒரு பள்ளியில் படித்து வெளியே போன ஒவ்வொருவரையும் நாற்பது வயது வரை ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டே இருக்கும். வேலை, வருமானம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் அதற்குத் தெரியும். நன்றாக இருப்பவனுக்கு பிளஸ், இல்லாதவனுக்கு மைனஸ். எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் பள்ளியின் மதிப்பெண். கூட்டுத்தொகை சுழிக்குக் கீழே போனால் டி கிரேடு. இரண்டு வருடம் தொடர்ந்து டி என்றால் பள்ளியை 'இணைத்து'விடுவார்கள். மூடுவது என்ற சொல் அரசாங்கத்துக்குப் பிடிக்காது.

எங்கள் நெடுங்கரைப் பள்ளி அந்த வருடம் முதல் முறையாக டி வாங்கியது. தலைமை ஆசிரியை திலகராணி டீச்சர் என்னை அறைக்கு வரச்சொல்லி, திரையைத் திருப்பிக் காட்டினார்.

"மைனஸ் பதினாலு சார். அடுத்த வருஷமும் இப்படின்னா நம்ம புள்ளைங்க பதினாறு கிலோமீட்டர் தாண்டிப் போகணும்."

"பஸ்ஸு?"

"காலைல ஒண்ணு. சாயங்காலம் எதுவும் கெடையாது. பசங்க எப்படியாச்சும் லிப்ட் கேட்டுப் போயிருவானுங்க. பொம்பளப் புள்ளைங்கள யாரு அனுப்புவா? மில்லு வேன் ஏற்கெனவே வாரா வாரம் ஊருக்குள்ள வந்து நிக்குது."

நூற்பாலை வேன் அது. பதினாலு, பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளை விடுதியோடு வேலைக்குக் கூட்டிப் போகிற வேன். பள்ளிக்கூடம் இருக்கிற வரைதான் அது காலியாகத் திரும்பிப் போகும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"இதுல பாருங்க," என்று டீச்சர் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஒரே ஆளுக்கு மட்டும் மைனஸ் பத்தொன்பது. மாவட்டத்துலயே ரொம்பக் கீழ இருக்குற பத்துப் பேருல ஒருத்தன். வருமானம் சைபர், போலீஸ் கேஸ் ஒண்ணு, அரசாங்கச் செலவுல ரெண்டு ஆபரேஷன். இவன் ஒருத்தன் சரியானா நமக்கு பிளஸ் அஞ்சு சார். போயிப் பாருங்க. எப்படியாவது ஒரு வேலையில சேத்துவிடுங்க."

ராக்கப்பன் என்று இருந்தது.

ராக்கப்பன் என்னுடைய கபடிக் கேப்டன். பதினெட்டு வருடத்துக்கு முன், பொதுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவனை மண்டலப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். அவன் அப்பா வேண்டாம் என்றார். "போலீஸ் வேலை ஸ்போர்ட்ஸ் கோட்டால கெடைக்கும், நான் பொறுப்பு" என்றேன். அரையிறுதியில் அவன் முழங்கால் திரும்பிக்கொண்டது. அப்புறம் அது நேராகவே இல்லை. அந்த இரண்டு ஆபரேஷனும் அதற்குத்தான். இயந்திரம் அதை அவன் கணக்கில் எழுதியிருந்தது, என் கணக்கில் எழுதவில்லை.

கண்மாய்க்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலங்காட்டில் அவன் கரிமூட்டம் போட்டுக்கொண்டிருந்தான். விறகை ஆள் உயரத்துக்கு அடுக்கி, வைக்கோல் போட்டு, மேலே மண் பூசி, உள்ளே தீ வைத்து மூடிவிடுவார்கள். பத்து நாள் உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகும். எங்காவது மண் விரிந்து காற்றுப் புகுந்துவிட்டால் மொத்தமும் சாம்பல். அதனால் ஒருவன் ராப்பகலாக மேலே ஏறி ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவன் ராக்கப்பன். நொண்டிக்கொண்டே மூட்டத்தின் மேல் நடந்தான். பார்க்க எனக்கு பயமாக இருந்தது.

"சார்! நீங்களா?" என்று இறங்கி ஓடிவந்தான். முகம் முழுக்கக் கரி, பல் மட்டும் வெள்ளை.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

"வருமானம் சைபரா? நாளெல்லாம் இதுல வேகுறேனே சார்."

"இது எங்கயும் பதிவாகலடா. பதிவாகாதது இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு கம்பெனியில செக்யூரிட்டி வேலை கேட்டு வச்சிருக்கேன்."

"கேஸ் இருக்குல்ல சார். பொறம்போக்குல மரம் வெட்டுனேன்னு போட்டது. செக்யூரிட்டிக்கு எப்படி எடுப்பான்?"

அவன் சொன்னது சரிதான். அடுத்த இரண்டு மாதத்தில் ஏழு இடம் ஏறி இறங்கினோம். ஏழு இடத்திலும் அவன் கட்டைவிரலை வைத்ததும் திரையில் அந்த மைனஸ் பத்தொன்பது வந்து நின்றது. அந்த எண்ணைப் பார்த்தவர்கள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. வேலை இல்லாததால் மைனஸ், மைனஸ் என்பதால் வேலை இல்லை. செக்கு மாடு மாதிரி சுற்றிவிட்டு வந்தோம்.

ஏழாவது இடத்திலிருந்து திரும்பும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். அவன் மகள் தன்ஷிகா எங்கள் பள்ளியில் ஒன்பதாவது. வகுப்பில் முதல் பெண். அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"சார், செத்துப்போனவுகளுக்கு எப்படிப் புள்ளி போடுவாக?"

நான் ஆசிரியர். கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய். ஏன் கேட்கிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

"போட மாட்டாங்க. செத்ததுக்குப் பள்ளிக்கூடம் பொறுப்பில்லன்னு ஒரு விதி. பேரையே கணக்குலேர்ந்து எடுத்துருவாங்க."

அவன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அப்ப என்னைய எடுத்துருங்க சார்" என்றான்.

பதறிப்போய் அவன் கையைப் பிடித்தேன். சிரித்தான். "அட, நெசமா இல்ல சார். காயிதத்துல."

ஒருவன் செத்துவிட்டான் என்று இயந்திரம் நம்ப மூன்று சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் பதிவு, அரசு ஊழியர் ஒருவரின் சாட்சி, தெருவில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். மூன்றாவதைச் சேர்த்தவர் எங்கள் மாவட்டத்தை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இங்கே சான்றிதழ் இல்லாமல் சாவு நடக்கும், ஃபிளெக்ஸ் இல்லாமல் நடக்காது. இயந்திரத்துக்காகத் தெருத் தெருவாகப் படம் எடுக்கிற வண்டி அதைப் பார்த்துவிட்டால் போதும்.

கேரளாவில் வேலைக்குப் போன இடத்தில் இறந்தான், அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று எழுதினோம். கிராம நிர்வாக அலுவலர் மேற்கொண்டு கேட்காமல் பதிந்துகொண்டார். அரசு ஊழியர் சாட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். திலகராணி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "எனக்கு எதுவும் தெரியாது பி.டி. சார்" என்று சொன்னார்.

ஃபிளெக்ஸுக்கு அவனுடைய கபடிப் படத்தைக் கொடுத்தேன். பதினாறு வயது, கையில் கோப்பை. பேருந்து நிறுத்தத்தில் கட்டியதும் அவனே வந்து பார்த்தான்.

"தோற்றம்னு தேதி போட்டதெல்லாம் சரி சார். மறைவுக்கு நேரா தேதியப் பாத்ததும் பக்குன்னு ஆயிருச்சு."

"வேண்டாம்னா இப்பவே அவுத்துருவோம்டா."

"போட்டோல நல்லாத்தான் இருக்கேன். இருக்கட்டும்."

அவன் மனைவி பாண்டியம்மாளை மட்டும் நாங்கள் மறந்துவிட்டோம். ஆண்பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து போட்ட திட்டம் வேறு எப்படி இருக்கும்? புருஷன் செத்ததாகப் பதிவான பெண் பூவும் பொட்டுமாகத் தெருவில் நடந்தால் அந்த வண்டி அதையும் படம் எடுக்கும். வீட்டு வாசலில் வைத்து என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"உங்க பள்ளிக்கூடத்துக்குப் புள்ளி வேணும்னா என் பொட்டத்தான் அழிக்கணுமா சார்? அவுகளுக்கு மூளையில்ல, நீங்க படிச்சவுகதானே?"

உள்ளே தன்ஷிகா சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். பாண்டியம்மாள் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் முந்தானையால் நெற்றியைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் ஊர்ப் பெண்கள் வந்து ஒப்பாரி வைத்தார்கள். எல்லோருக்கும் உண்மை தெரியும். எல்லோர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள்.

அந்த வருடம் எங்கள் பள்ளி பிளஸ் ஐந்து வாங்கி சி கிரேடுக்கு வந்தது. மாவட்டக் கூட்டத்தில் டீச்சருக்கு சால்வை போர்த்தினார்கள்.

ராக்கப்பன் காட்டிலேயே தங்கிக்கொண்டான். ரேஷன் இல்லை, போன் இல்லை, பஸ்ஸில்கூட ஏற முடியாது. பாண்டியம்மாள் சோறு கொண்டுபோவாள். ஞாயிற்றுக்கிழமை தன்ஷிகா போவாள். "அவ சொல்லித்தான் சார் எனக்கு இப்ப ஒளிச்சேர்க்கையெல்லாம் தெரியுது" என்று ஒருமுறை பெருமையடித்துக்கொண்டான்.

இப்படி ஒரு வழி இருப்பது வெளியே தெரியாமல் இருக்குமா? பக்கத்துப் பள்ளியின் பின்தொடர் ஆசிரியர் என்னைத் தேடி வந்து, "எந்த ஃபிளெக்ஸ் கடை?" என்று மட்டும் கேட்டார். ஆறு மாதத்தில் எங்கள் மாவட்டத்தில் முப்பத்தைந்து வயது ஆண்கள் கொத்துக் கொத்தாகச் 'செத்து'ப்போனார்கள். மூலைக்கு மூலை கண்ணீர் அஞ்சலி. தரவரிசையில் மாவட்டம் மடமடவென்று மேலே ஏறியது.

மறு வருடம் ஜனவரியில் ஒரு மத்தியானம், தாலுகா ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்குப் போன் வந்தது. தீக்காயத்தோடு ஒருவரைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். கண்ணை ஸ்கேன் செய்தால் இயந்திரம் இந்த ஆள் இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது என்கிறது. இறப்புக்குச் சாட்சி என்று என் பெயர் இருக்கிறது. உடனே வர முடியுமா?

மூட்டம் உள்வாங்கியிருக்கிறது. ஓட்டை அடைக்க மேலே ஏறியவன் இடுப்பளவு உள்ளே போய்விட்டான்.

பாண்டியம்மாள் வெளியூரில் களையெடுக்கப் போயிருந்தாள். பத்தாம் வகுப்பில் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருந்த தன்ஷிகாவை எழுப்பி பைக்கில் ஏற்றினேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். வழி நெடுக என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பதற்றமாக இருந்தார்.

"சார், எங்களால இங்க டிரிப் ஏத்தி வலிக்கு ஊசி போட மட்டும்தான் முடியும். மதுரைக்குத் தீக்காய வார்டுக்கு உடனே அனுப்பணும். ஆம்புலன்ஸ் ரெடியா இருக்கு. ஆனா செத்தவர் நம்பரைப் போட்டா சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது, நம்பர் இல்லாம மதுரையில சேக்க மாட்டாங்க. இவர் இன்னார்தான், உயிரோட இருக்கார்னு சொந்தக்காரங்க ஒருத்தர், இல்ல அந்தச் சாட்சி கையெழுத்துப் போட்டவர், யாராவது சொன்னாப் போதும். அடுத்த நிமிஷம் அனுப்பிருவேன்."

"சொன்னா பழைய பயன்புள்ளி?"

"அதெல்லாம் அதுவா பழையபடி ஆயிடும். அதைப் பத்தி இப்ப என்ன சார்?"

கட்டிலில் ராக்கப்பன் கிடந்தான். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. நினைவோடு இருந்தான். எங்களைப் பார்த்ததும் கண் அசைந்தது.

டாக்டர் தன்ஷிகாவின் தோளில் கை வைத்து, "உங்க அப்பாவாம்மா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"இல்ல டாக்டர். எங்கப்பா போன வருஷமே செத்துட்டாரு."

பாடம் ஒப்பிக்கிற குரல். அவன்தான் அப்படிச் சொல்லப் பழக்கியிருக்கிறான். யார் கேட்டாலும், எங்கே கேட்டாலும், தானே எதிரில் நின்றாலும் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிக்கொடுத்திருக்கிறான். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க?"

நான் ராக்கப்பனைப் பார்த்தேன். அவன் மெல்லத் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று.

பள்ளியின் நானூற்றுப் பதினொரு பிள்ளைகளை நினைத்தேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். உயிரோடிருப்பவனைச் செத்தான் என்று எழுதிய குற்றத்துக்கு என்ன தண்டனை என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வருடத்தில் வரப்போகும் ஓய்வை நினைத்தேன்.

"பழைய பையன் சாயல் இருக்கு," என்றேன். "ஆனா அவன் இல்ல."

ராக்கப்பன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு ஒரு வாய் சோறாவது ஒழுங்காக இறங்கும்.

தன்ஷிகா பைக்கை நிறுத்தச் சொல்லி வழியில் வாந்தி எடுத்தாள். பள்ளிக்கு வந்து மீதித் தேர்வை எழுதினாள்.

அவன் மறுநாள் மதியம் அந்தக் கட்டிலிலேயே போய்ச் சேர்ந்தான். அடையாளம் தெரியாத உடல் என்று ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்தார்கள். இயந்திரம் அந்தச் சாவைப் பதிவு செய்ய மறுத்துவிட்டது. ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று காட்டியதாம். பாண்டியம்மாள் யாரோ தூரத்து உறவு மாதிரி வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் ஒப்பாரி வைக்க முடியவில்லை. அதுதான் போன வருடமே வைத்தாகிவிட்டதே.

பதினோராவது நாள் அரசாணை வந்தது.

எங்கள் மாவட்டத்தின் சாவு எண்ணிக்கையைப் பார்த்து மேலே யாரோ முழித்துக்கொண்டிருக்கிறார்கள். இனி நாற்பது வயதுக்குள் பழைய மாணவர் இறந்தால் பள்ளிக்கு மைனஸ் இருபத்தைந்து. ஏற்கெனவே இறந்தவர்களுக்கும் இது பொருந்தும். 'தவறுதலாக' இறந்ததாகப் பதிவானவர்கள் முப்பது நாளுக்குள் திரும்பி வரலாம். யார் மேலும் நடவடிக்கை கிடையாது. வருபவர்களின் பழைய மைனஸ் முழுவதும் தள்ளுபடி செய்யப்படும்.

பதினோரு நாள். நான் அரசாணையை நான்கு முறை படித்தேன். யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்ற வரியை மட்டும் இன்னும் அதிகமாகப் படித்தேன்.

தாலுகா அலுவலகத்தில் திருவிழாக் கூட்டம். செத்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ஒருவர் ஃபிளெக்ஸைப் பற்றி ஒருவர் கிண்டல் அடித்துக்கொண்டு. "உனக்கு 'சிங்கம்'னு போட்டாங்களாடா? எனக்கு வெறும் அண்ணன்தான்." ஒருவனுக்கு அவன் மனைவி மாலையே போட்டாள். தகர மேசையில் உட்கார்ந்து பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார்கள். நானும் என் பள்ளிக்காக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பட்டியலில் மூன்று பேர்; ராக்கப்பனுக்குப் பிறகு இன்னும் இரண்டு பேருக்கு நான் சாட்சி போட்டிருந்தேன். இரண்டு பேர் வந்து போய்விட்டார்கள்.

ராக்கப்பன் செத்தவனாகவே இருந்தால் மைனஸ் இருபத்தைந்து. பள்ளி மறுபடியும் சுழிக்குக் கீழே. இந்த ஜூனில் ஒரு டி, அடுத்த ஜூனில் இன்னொரு டி; அவன் எந்தப் பள்ளிக்காகச் செத்தானோ அதை மூடிவிடுவார்கள். தன்ஷிகா படிக்க வேண்டிய பதினொன்றாம் வகுப்பை எங்கள் பள்ளியிலேயே தொடங்க அந்த வருடம்தான் உத்தரவு வந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை.

பாண்டியம்மாளே வந்தாள். தலையில் ஒரு முழம் கனகாம்பரம். நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். வரிசையில் நின்ற எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

என் மேசை முன்னால் படிவத்தை வைத்தாள்.

"உசுரோட இருந்தவுகளச் செத்தாகன்னு எழுதுனீக. ஆஸ்பத்திரில கெடந்தப்பவும் அவுக இல்லன்னீக. இப்ப உசுரோட இருக்காகன்னு எழுதுங்க."

"பாண்டியம்மா..."

"எழுதுங்க சார். எம்மக படிக்கணும்."

நேரில் வர முடியாதவர்களுக்கு மனைவியும் ஓர் அரசு ஊழியரும் கையெழுத்திட்டால் போதும், கைரேகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆணையில் இருந்தது. வெளிநாட்டிலும் வெளி மாநிலத்திலும் வேலை செய்பவர்களுக்காகப் போட்ட சலுகை. மேலே குறிப்பிட்ட நபரை நான் நேரில் அறிவேன், அவர் நலமாக உள்ளார் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். அவள் தன் பெயரை எழுத்துக் கூட்டி நிதானமாக எழுதினாள்.

முத்திரை குத்தும் பையன் வெளியூர்க்காரன். காலையிலிருந்து உயிர்த்தெழுந்தவர்களைப் பார்த்துப் பார்த்து உற்சாகமாக இருந்தான். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாரும் ஜோடியா வந்து நிக்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் எங்கக்கா?"

"மூட்டம் போட்டிருக்கு தம்பி," என்றாள் பாண்டியம்மாள். "விட்டுட்டு வர முடியாது."